கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு ஆள்

கில்பார்ட்டனில் வெலிங்டன் தெரு பதினேழாம் எண் கட்டடத்தில் எட்டுக் குடித்தனங்கள். படிக்கட்டு ஒன்றுதான். யார் வீட்டுக்கு என்ன மீன் போகிறது, யார் வீட்டிலிருந்து யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் படிக்கட்டுக்குத் தெரியாமல் நடக்காது. படிக்கட்டுக்குத் தெரிந்தது இரண்டாம் மாடி டீனி டின்விடிக்குத் தெரியும். டீனிக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரிய அரை மணி நேரம் ஆகும். மழை பெய்தால் முக்கால் மணி.

அவள் வீட்டுக்கு எதிர்க்கதவு மிஸஸ் மக்லாஷனுடையது. இருவரும் பன்னிரண்டு வருஷமாக எதிரெதிரே குடியிருந்தும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டு கதவுகளின் பித்தளைக் கைப்பிடிகளும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். அதில் அன்பு துளிக்கூடக் கிடையாது, முழுக்கப் போட்டி. அந்த மாடியிலிருந்து கீழ்மாடி வரை பதினெட்டுப் படி. ஒரு வாரம் இவள், ஒரு வாரம் அவள், வெள்ளிக்கிழமை தவறாமல் மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவி, ஓரங்களில் வெள்ளைக் களிமண் கட்டியால் கோடு இழுக்க வேண்டும். கழுவி முடித்தவள் 'இந்த வாரம் படிக்கட்டு உங்கள் முறை' என்று எழுதிய அட்டையை எதிர்வீட்டுக் கைப்பிடியில் மாட்டுவாள். மிஸஸ் மக்லாஷன் மாட்டும்போது மட்டும் அட்டை கதவில் இரண்டு முறை இடித்துச் சத்தம் போடும். கை தவறி என்பாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, செய்தித்தாளில் ஸ்காட்லாந்து அணியின் பட்டியல் வந்தது. அந்த வருஷம் நாடுகளுக்கிடையிலான காட்டோட்டப் பந்தயம் நம்ம ஊர்க் குதிரைப் பந்தய மைதானத்திலேயே நடக்கப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த நேரம். வயல், வேலி, சேறு, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஒன்பது மைல் ஓட வேண்டும். இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், வேல்ஸ், அயர்லாந்து என்று எல்லோரும் வருகிறார்கள். பட்டியலின் தலையில் கேப்டன் ஃபின்லே மக்லாஷன். எதிர்வீட்டுப் பிள்ளை, வயது இருபத்துமூன்று, கப்பல் பட்டறையில் வரைபடம் வரைகிறவன். பட்டியலின் வாலில், ஒன்பதாவதாக, ரொட்டி வண்டி ஓட்டும் லாக்லன் டின்விடி. அதாவது டீனியின் புருஷன் லாக்கி.

மிஸஸ் மக்லாஷன் அன்று பால் எடுக்க வெளியே வந்தபோது டீனியும் தற்செயலாக வெளியே வந்தாள். கதவுக்குப் பின்னால் இருபது நிமிஷம் காத்திருந்து வந்த தற்செயல்.

"பேப்பர் பாத்தீங்களா, மிஸஸ் மக்லாஷன்?"

"பாத்தேன், மிஸஸ் டின்விடி. எங்க ஃபின்லே பேரு மேல இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேரும் கீழ எங்கயோ இருந்துச்சு. அச்சுல தப்பா விழுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"தப்பெல்லாம் இல்ல. தேர்வு ஓட்டத்துல பதினோராவதா வந்தாரு. ரெண்டு பேருக்குக் காய்ச்சல்."

"ஓ, காய்ச்சல் தேர்ந்தெடுத்துச்சாக்கும். வயசு முப்பத்தஞ்சாச்சு, பாவம். மனுஷன் ஒருத்தரையாவது முந்தி நான் பாத்ததில்ல. சனிக்கிழமை சனிக்கிழமை கடைசியாத்தானே வந்து சேர்றாரு?"

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். லாக்கி கடைசியாக வந்தது உண்மை, ஆனால் அது அவனுடைய பதவி. கில்பார்ட்டன் ஓட்டக் கிளப்பில் சனிக்கிழமை மதியம் இரண்டு கூட்டமாகக் கிளம்புவார்கள்: வேகக் கூட்டம், மெதுக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஒருவன் வேகம் காட்டுவான். பின்னால் ஒருவன் வால்காவல். மூச்சு வாங்குகிறவன், வயிறு பிடித்துக்கொள்கிறவன், நேற்றுதான் சேர்ந்தவன் என்று யார் பின்தங்கினாலும் அவனுக்கும் பின்னால்தான் வால்காவல் ஓட வேண்டும். கடைசி ஆளை வயல்காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது, எக்காரணம் கொண்டும் முந்தக்கூடாது. ஒன்பது வருஷமாக மெதுக் கூட்டத்துக்கு லாக்கிதான் வால்காவல். ஓட்டம் முடிந்து எல்லோரும் தகரத் தொட்டியில் வெந்நீரில் முங்கி எழுந்த பிறகு கடைசியாக இறங்குவதும் அவன்தான். அதற்குள் தண்ணீர் ஆறிப்போய்க் கருப்புக் கஞ்சி மாதிரி ஆகியிருக்கும். வேலையிலும் அவனுக்குக் குதிரைக்குப் பின்னால்தான் இடம். போர் முடிந்து ஊரே வீடு திரும்பி ஐந்து மாசம் கழித்துத்தான் அவன் வந்து சேர்ந்தான், கடைசிக் கப்பலில். அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்பது யாருக்கும் தெரியாது. யாரையாவது முந்தியிருந்தால்தானே தெரிவதற்கு? தேர்வு ஓட்டத்துக்குக்கூட கிளப்புப் பையன் ஒருவனுக்குத் துணையாகத்தான் போனான். அந்தப் பையன் பத்தாவதாக வந்தான். லாக்கி பின்னாலேயே பதினொன்று. அந்தப் பையனையும் அப்புறம் காய்ச்சல் பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் டீனிக்கும் தெரியும். வீட்டுக்குள் அவளே இதைச் சொல்லி அவனை நாள் தவறாமல் கிண்டல் செய்கிறவள்தான். ஆனால் எதிர்வீட்டுக்காரி சொல்லலாமா?

"மேயர் மெடல் குடுக்கப்போறாராமே, தெரியுமா?" என்றாள் டீனி. "நம்ம அணி முதல் மூணு எடத்துக்குள்ள வந்தா, கணக்குல சேர்ற ஆறு பேருக்கும் வெள்ளி மெடல். அந்த ஆறுல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர். எழுதி வச்சுக்கோங்க."

"உங்க வீட்டுக்காரரா? ஆறுலயா?"

"ஆறுல."

"சேரலைன்னா?"

டீனியின் வாய் எப்போதும் அவளுக்கு ஐந்து கஜம் முன்னால் ஓடுகிற வாய். "சேரலைன்னா ஒரு வருஷம் படிக்கட்டு மொத்தமும் நானே கழுவறேன். உங்க வாரமும் சேத்து!"

"சேந்துட்டா நான் கழுவறேன்," என்றாள் மிஸஸ் மக்லாஷன் பால் போத்தலை அணைத்துக்கொண்டு. கதவு சாத்தும்போது சிரித்தது மாதிரி இருந்தது. மேல்மாடியில் மிஸஸ் ஓர் என்று ஒருத்தி, அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மத்தியானத்துக்குள் பந்தயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீனிக்கு அன்று வேலையே இல்லாமல் போயிற்று.

சாயங்காலம் லாக்கி கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்த தினுசைப் பார்த்ததுமே அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. இந்த ஆறு பேர் கணக்குன்னா என்னய்யா? ஒழுங்காச் சொல்லு."

அவன் உருளைக்கிழங்கை வைத்து விளக்கினான். ஒரு நாட்டுக்கு ஒன்பது பேர் ஓடலாம். எல்லா நாட்டு ஆட்களையும் சேர்த்து வந்த வரிசைக்கு எண் போடுவார்கள். ஒவ்வொரு நாட்டிலும் முதலில் வருகிற ஆறு பேரின் எண்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாட்டுக்கு வெற்றி.

"ஏழாவது ஆளு?"

"ஏழாவது ஆளு டீ குடிக்கப் போவான்."

"நீ ஆறாவதுக்குள்ள வரணும்."

"எனக்கு முன்னால எட்டுப் பேரு இருக்காங்களே, புள்ள."

"அவங்களை முந்து!"

லாக்கி அவளைப் பார்த்த பார்வை, தேவாலயத்தில் உண்டியலைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று சொன்னவளைப் பார்க்கிற பார்வை. டீனி பந்தயத்தைச் சொன்னாள். பதினெட்டுப் படி, ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமை, தன் முழங்கால், மிஸஸ் மக்லாஷன் மேலே நின்றுகொண்டு 'அந்த மூலை, மிஸஸ் டின்விடி' என்று கைகாட்டப்போவது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

"பெல்ஜியத்துக்காரன் உன் மெதுக் கூட்டத்துல இருக்கானா? சொல்லு."

"இல்ல."

"பிரெஞ்சுக்காரன்?"

"இல்ல."

"அப்ப அவங்களை முந்தினா உன் பதவி கெட்டுப்போயிடாது?"

அவன் ஒரு உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். "கெடாதுன்னுதான் தோணுது."

"முந்துவேன்னு சொல்லு."

"நம்ம கூட்டத்து ஆளா இல்லாதவன் யாரா இருந்தாலும் முந்தறேன்," என்றான் லாக்கி. டீனிக்கு அது முழு வாக்குறுதியாகக் கேட்டது. அதில் ஒரு ரொட்டி வண்டியே போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பந்தயத்தன்று சனிக்கிழமை. நாலு நாள் பெய்த மழை அன்று காலைதான் விட்டிருந்தது. மைதானத்துக் கயிற்றோரம் ஊரே திரண்டு நின்றது. ஆண்கள் புகைக்குழாயும் தட்டைத் தொப்பியுமாக, பெண்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைச் சனிக்கிழமையே எடுத்து மாட்டிக்கொண்டு. பிரெஞ்சுக்காரர்கள் உடம்பில் ஏதோ தைலம் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனையைப் பற்றி நம்ம ஊர்ப் பெண்கள் அப்புறம் இரண்டு வாரம் பேசினார்கள். டீனி கயிற்றுக்கு முதல் வரிசையில் இடம் பிடித்தாள். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் மிஸஸ் மக்லாஷன். வேறு இடமே கிடைக்கவில்லையாம்.

"நல்ல நாளு, மிஸஸ் டின்விடி."

"உங்களுக்கா எனக்கான்னு பாப்போம், மிஸஸ் மக்லாஷன்."

கிளப் செயலாளர் பெட்டிக்ரூ அருகில் முக்காலி போட்டு, பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். வங்கியில் குமாஸ்தா. எண் என்றால் அவருக்குச் சர்க்கரை மாதிரி. அவர்தான் முதல் செய்தியைச் சொன்னார். ஸ்காட்லாந்தில் இன்னொருவனுக்கும் அன்று காலை காய்ச்சல். மாற்று ஆள் இல்லை. எட்டுப் பேர்தான் ஓடுகிறார்கள்.

"எட்டு," என்றாள் டீனி விரலை மடக்கி. அடுத்தவன் காய்ச்சலில் சந்தோஷப்படுவது பாவம்தான். அவள் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக இருந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. அறுபது எழுபது பேர் ஒரே பாய்ச்சலாகப் புறப்பட்டார்கள். வண்ண வண்ணச் சட்டைகள் நூறு கஜத்துக்குள் ஒரே நிறமாகிவிட்டன, சேற்று நிறம். மொத்தம் மூன்று சுற்று. மைதானத்தைச் சுற்றி, வேலி தாண்டி, உழுத வயலில் இறங்கி, பள்ளத்தைத் தாண்டித் திரும்ப வேண்டும்.

முதல் சுற்றில் ஃபின்லே ஐந்தாவதாகப் பறந்து போனான். மிஸஸ் மக்லாஷன் கைக்குட்டையை ஆட்டினாள். அறுபதாவது ஆள் போன பிறகும் லாக்கியைக் காணோம்.

"வழி தெரியாமப் போயிட்டாரோ என்னவோ," என்றாள் மிஸஸ் மக்லாஷன்.

ஒரு வழியாக வந்தான். கையோடு ஒரு செய்தியும் வந்தது. ஸ்காட்லாந்து அணியிலேயே டண்டீ ஊர் ஆள் ஒருவன் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்துவிட்டான். எல்லோரும் தாண்டி ஓடியிருக்கிறார்கள், லாக்கி மட்டும் நின்று, தூக்குக்கட்டில் ஆட்கள் வரும்வரை அவனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருகிறான். முழுசாக ஒரு நிமிஷம்.

"அவன் உனக்குச் சித்தப்பனாய்யா?" என்று டீனி கயிற்றுக்கு மேல் எக்கிக் கத்தினாள். "ஓடு! பச்சைச் சட்டை போறான் பாரு, முந்து!"

லாக்கி கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனான், சனிக்கிழமை மாதிரியே.

ஆனால் பெட்டிக்ரூ பென்சிலால் மூக்கைச் சொறிந்துகொண்டு சொன்னதில் டீனிக்கு உயிர் வந்தது. "டண்டீ ஆள் போயாச்சு. இப்ப நம்ம ஆளுங்க ஏழு பேருதான். ஏழுல ஆறு பேருக்குக் கணக்கு."

ஏழில் ஒருவன் மட்டும் வெறுங்கை. அந்த ஒருவன் இப்போதைக்கு லாக்கி. இன்னும் ஒரே ஒரு ஸ்காட்லாந்துக்காரன் அவனுக்குப் பின்னால் போனால் போதும். டீனி ஏழு விரலைப் பிரித்து, அதில் ஒன்றை மடக்கி மடக்கி நீட்டினாள்.

இரண்டாம் சுற்றில்தான் ஊர் வாயைப் பிளந்தது. வாக்குக் கொடுத்த மனுஷன் முந்த ஆரம்பித்திருந்தான். உழுத வயல் மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்தது. லாக்கிக்கு அது பழகின இடம், மெதுக் கூட்டத்தில் எவனாவது ஒருவன் வாரம் தவறாமல் சேற்றில்தானே மாட்டுவான்? வேல்ஸ்காரர் மூன்று பேர், அயர்லாந்துக்காரர் இரண்டு பேர், தைலம் தடவின பிரெஞ்சுக்காரன் ஒருவன் என்று வரிசையாகத் தாண்டினான். ஒவ்வொருவனைத் தாண்டும்போதும் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றாரு?" என்றார் பெட்டிக்ரூ.

"மன்னிச்சுக்கோன்னு சொல்றாரு," என்றாள் டீனி பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்த மனுஷனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

நாற்பத்தைந்தாம் இடம். முதல் ஐந்து ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்கோ முன்னால். ஆறாவது ஸ்காட்லாந்து நீலச் சட்டை நூறு கஜம் முன்னால், எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில். டீனி விரலை மறுபடியும் மடக்கிக்கொண்டாள்.

கடைசிச் சுற்றில் நடந்ததற்கு யாரும் தயாராக இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒரு நீலச் சட்டை தள்ளாடுவது தெரிந்தது. ஆளை அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் வேலியருகே வந்து, வேலியைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு ஏணி ஏறுகிறவன் மாதிரி ஏறி அந்தப் பக்கம் விழுந்து எழுந்தான்.

"யாரு அது, பாவம்?" என்றாள் மிஸஸ் மக்லாஷன்.

பெட்டிக்ரூ தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் வைத்தவள் வைத்தபடியே நின்றாள்.

ஃபின்லே. நாலாம் இடத்துக்கு ஆசைப்பட்டு இரண்டாம் சுற்றிலேயே இங்கிலாந்துக்காரர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். இப்போது எண்ணெய் தீர்ந்த விளக்கு. முப்பதாம் இடம், முப்பத்தைந்து, முப்பத்தேழு. நூறு கஜம் முன்னால் போன அந்த ஆறாவது ஆளும் அவனைத் தாண்டிவிட்டான். மேட்டிலிருந்து இறங்கியபோது பின்னால் இரண்டு பெல்ஜியக்காரர்கள், அவர்களுக்கும் பின்னால் லாக்கி. பெல்ஜியக்காரர்கள் இருவரும் ஃபின்லேயைத் தாண்டினார்கள். லாக்கி நெருங்கினான். இருபது கஜம். பத்து. ஐந்து.

டீனி கணக்குப் போட்டாள். ஃபின்லேயைத் தாண்டினால் லாக்கிதான் ஆறாவது ஆள். மெடல் இவனுக்கு, படிக்கட்டு எதிர்வீட்டுக்காரிக்கு, அதுவும் அவள் பெற்ற பிள்ளையைத் தாண்டி! இப்படி ஒரு நாள் ஆயுசில் ஒரு முறைதான் வரும்.

"முந்துய்யா! லாக்கி, அவனை முந்து!"

லாக்கி ஃபின்லேயின் பின்னால் வந்தான். இரண்டு கஜம் இடைவெளி விட்டான். அங்கேயே நின்றுகொண்டான். நின்றான் என்றால் ஓடிக்கொண்டேதான், ஆனால் அதற்கு மேல் ஒரு அங்குலம் போகவில்லை. ஒன்பது வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அவன் காலில் வந்து உட்கார்ந்துகொண்டன.

டீனி கயிற்றோரமாகவே ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி எங்கே விழுந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. மிஸஸ் மக்லாஷனும் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை. கடைசி நேர்ப்பாதை தொடங்குகிற இடத்தில் இருவரும் கயிற்றைப் பிடித்து நின்றபோது லாக்கியின் குரல் கேட்டது. அவன் குதிரையிடம் பேசுகிற அதே குரல்.

"அப்படித்தான் தம்பி. காலைப் பாக்காத, வேலியைப் பாரு. தொட்டியில தண்ணி கொதிக்குது. முதல் தண்ணி உனக்கு, நான் சொல்லிட்டேன். ஆட்டுக்கறி அடை இருக்கு, பட்டாணி இருக்கு. வினிகர் கொஞ்சம் தூக்கலா விடச் சொல்றேன். இடது கால். சரி. இப்ப வலது."

தொட்டால் இருவரையும் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். நடுவர் ஒருவர் பக்கத்திலேயே ஓடி வந்து இதற்காகவே பார்த்துக்கொண்டிருந்தார். லாக்கி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினான். அப்படி ஓடுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"அவனைத் தாண்டிப் போய்யா!" டீனியின் தொண்டை கிழிந்தது. "அப்புறமா வந்து பேசிக்கோ!"

"தாண்டினா இவன் உக்காந்துடுவான், புள்ள," என்றான் லாக்கி, அடுக்களையில் நின்று சொல்வது மாதிரி.

அப்போது டீனியின் முழங்கையை யாரோ பிடித்தார்கள். மிஸஸ் மக்லாஷனின் கை. கையுறையோடு இறுகப் பிடித்திருந்தது. ஃபின்லேயின் முகம் சுண்ணாம்பு வெளுப்பு. கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, கால் மட்டும் அந்தக் குரலைக் கேட்டு நடந்தது.

டீனி ஒரு முறை அந்தக் கையைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமையும் கண்முன் வந்து போயின.

"விட்டுடாத லாக்கி!" என்று கத்தினாள். "அவனை விட்டுடாத! ஏ ஃபின்லே, அடைக்கு வெங்காயக் குழம்பும் இருக்குடா! ஓடு!"

தான் அப்படிக் கத்தவே இல்லை என்று டீனி அப்புறம் சாதித்தாள். கேட்டவர்கள் நானூறு பேர்.

குழம்பின் மகிமையோ என்னவோ, ஃபின்லேயின் கால் கொஞ்சம் நீண்டது. முன்னால் போன பெல்ஜியக்காரர்கள் இருவரும் கரை சேர்ந்துவிட்டோம் என்று வேகத்தைக் குறைத்திருந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு முப்பது கஜம் இருக்கும்போது ஃபின்லே அவர்களைத் தாண்டினான். அவன் நிழல் மாதிரி லாக்கியும் தாண்டினான், "மன்னிச்சுக்கோங்க" என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு. கோட்டைத் தொட்டதும் ஃபின்லே மடிந்து விழுந்தான். முப்பத்தேழாம் இடம். லாக்கி முப்பத்தெட்டு.

இங்கிலாந்துதான் முதல், பிரான்ஸ் இரண்டாவது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மூன்றாவது யார் என்பதற்குப் பெட்டிக்ரூ மூன்று முறை கூட்டினார். ஸ்காட்லாந்து நூற்றைம்பத்திரண்டு. பெல்ஜியம் நூற்றைம்பத்துமூன்று. ஒரே ஒரு புள்ளி! தொப்பிகள் மேலே பறந்தன. அதில் பாதி அவரவர் தலைக்குத் திரும்பவில்லை.

"ஆறாவது ஆளு?" என்றாள் டீனி, தெரிந்துகொண்டே.

"ஃபின்லே மக்லாஷன்," என்றார் பெட்டிக்ரூ. "லாக்கி ஏழு. கணக்குல இல்ல." பிறகு பென்சிலை மறுபடி நக்கி, நோட்டைப் பார்த்து, முகம் மாறினார். "இருங்க, இருங்க. இவங்க ரெண்டு பேரும் முந்தினதாலதான் அந்த ரெண்டு பெல்ஜியக்காரங்களும் ரெண்டு ரெண்டு எடம் பின்னால போனாங்க. லாக்கி மட்டும் தனியா வந்து, ஃபின்லே வயல்லயே உக்காந்திருந்தா, அவங்க ஒரு எடம்தான் போயிருப்பாங்க. பெல்ஜியம் நூத்தைம்பத்தொண்ணு. நமக்கு அதே நூத்தைம்பத்திரண்டு. நாம நாலாவது."

"அப்ப ஜெயிச்சது எங்க வீட்டுக்காரராலதானே?"

"ரெண்டு பேரும் வந்ததால."

"சரி, கோட்டுக்கிட்ட வந்ததுக்கப்புறம் ஃபின்லேயை ஒரு எட்டு முந்தியிருந்தா?"

பெட்டிக்ரூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "கூட்டுத்தொகை அதேதான் வந்திருக்கும், மிஸஸ் டின்விடி. ஸ்காட்லாந்து மூணாவதுதான். மெடல் மட்டும் உங்க வீட்டுக்கு வந்திருக்கும்."

ஒரே ஒரு எட்டு. டீனி அதைச் சொல்லிக்கொண்டே வீடு வரை நடந்தாள். லாக்கி வழக்கம்போல் ஒரு அடி பின்னால் வந்தான், எல்லோரும் குளித்து முடித்த தண்ணீரில் குளித்துவிட்டு.

"ஒரே ஒரு எட்டு வச்சிருக்கக்கூடாதாய்யா? கோடு தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது."

"அவன் விழமாட்டான்னும் தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

லாக்கி நின்று, நியாயமாகவே யோசித்தான். "தோணவே இல்ல, புள்ள," என்றான். கொஞ்ச தூரம் போனதும், "நான் வேணா படிக்கட்டைக் கழுவறேன்," என்றான்.

டீனிக்கு வந்ததே கோபம். "நீயா? ஆம்பளை மண்டி போட்டுப் படிக்கட்டுக் கழுவினா தெரு என்னைப் பத்தி என்ன பேசும்? இருக்கிற மானம் போதாதா?"

செவ்வாய்க்கிழமை ஃபின்லே மெடலை எடுத்துக்கொண்டு எதிர்க்கதவிலிருந்து வந்தான். இன்னும் முகம் வெளுத்திருந்தது. "இது உங்களுக்குச் சேர வேண்டியது, லாக்கி அண்ணே."

"எனக்கெதுக்குடா? குத்திக்கிட்டுப் போனா குதிரை சிரிக்கும்," என்றான் லாக்கி. அவனை உட்கார வைத்து ரொட்டியும் வெண்ணெயும் தின்ன வைத்து அனுப்பினான். டீனி மெடலைக் கையில் வாங்கி, எடை பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதவில் அட்டை இடித்தது. இரண்டு முறை. டீனி அடுப்படியில் நின்று அதைக் கேட்டு மூச்சு விட்டாள். அந்த அட்டை வராமல் இருந்திருந்தால், போகட்டும் பாவம் என்று எதிர்வீட்டுக்காரி விட்டுக்கொடுத்திருந்தால், அவள் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மிஸஸ் மக்லாஷனுக்கு மரியாதை தெரியும் என்று நினைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

மேல்மாடி மிஸஸ் ஓர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றாள். டீனி மண்டியிட்டு முதல் படியைத் தேய்த்தாள். இரண்டாவது படிக்கு இறங்கினாள். பின்னால் கதவு திறந்தது. வந்துவிட்டாள், இனி 'அந்த மூலை' என்று ஆரம்பிப்பாள் என்று டீனி பல்லைக் கடித்தாள்.

"உங்க கோடு எப்பவுமே கோணலா இருக்கும், மிஸஸ் டின்விடி."

"கையால போடற கோடு, மிஸஸ் மக்லாஷன். கப்பல் பட்டறையில அளந்து போடறதில்ல."

"அதான். பாக்கச் சகிக்கல." பாவாடைத் துணி உரசுவது மாதிரி ஏதோ சத்தம். டீனி திரும்பிப் பார்த்தாள். மிஸஸ் மக்லாஷன் பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு, முதல் படியில் மண்டியிட்டிருந்தாள். கையில் வெள்ளைக் களிமண் கட்டி. "கழுவறது உங்க வேலை. பந்தயம் பந்தயம்தான். கோட்டைப் பத்தி நாம ஒண்ணும் பேசல."

"பேசல," என்றாள் டீனி.

மேலே மிஸஸ் ஓர் இன்னும் கொஞ்சம் எக்கினாள், விழுந்துவிடுகிற அளவுக்கு.

டீனி மூன்றாவது படியைத் தேய்த்தாள். இரண்டாவது படியில் கோடு நேராக விழுந்தது. நாலாவது, ஐந்தாவது. பாதிப் படி வந்ததும் டீனி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தாள். பின்னால் சத்தமும் நின்றது. டீனியைத் தாண்டி இறங்கிப் போயிருக்கலாம். மிஸஸ் மக்லாஷன் இரண்டு படி மேலேயே காத்திருந்தாள்.

"என்ன, மூச்சு வாங்குதா, மிஸஸ் டின்விடி?"

"கொஞ்சம்."

"மெதுவா எழுந்திருங்க. என் வீட்டுல அடை இருக்கு." கட்டியை உள்ளங்கையில் உருட்டினாள். "வெங்காயக் குழம்பும் வச்சிருக்கேன்."

டீனி தூரிகையை வாளியில் முக்கினாள். "அந்த மூலையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க," என்றாள் திரும்பாமலே. "நான் வேணும்னேதான் விட்டிருக்கேன். பின்னால வர்ற ஆளுக்கு ஒரு வேலை வேணாமா?"